வெறும் பனியில் தெரிந்த இயந்திரம்

ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியை ஒருவரும் அவரிடம் தொழில் கற்றவள் ஒருத்தியும் இருந்தார்கள். கற்றவளுக்கு ஆசிரியையைவிட ஏழு வயது கூடுதல்.

ஆசிரியையின் பெயர் ஜமீலா. கற்றவள் செண்பகவல்லி. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். கண்ணாடிக் குப்பி கழுவும் வேலைக்குத்தான் அங்கே வந்தாள். கழுவிய குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருந்தாலும் இன்னொரு முறை கழுவுவாள். இதை நாலு நாள் கவனித்த ஜமீலா, "உங்களுக்கு எதையும் சுலபமா நம்ப வராது. உள்ளே வாங்க, வேலை கத்துத் தரேன்" என்று கூப்பிட்டுக்கொண்டார். அது ஆகிவிட்டது பதினொரு வருஷம்.

அங்கே நடந்த வேலை இது. மனித உடம்பில் ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுத்துக்கொள்கிறது. நகல் எடுப்பது புரதங்களால் ஆன ஓர் இயந்திரம். டி.என்.ஏ. என்பது இரட்டை இழை. ஆறு துண்டு சேர்ந்த ஒரு வளையம் அதன் மேல் ஏறி, இழைகளைப் பிரித்துக்கொண்டே முன்னால் போகும். பின்னால் இரண்டு கைகள். ஒரு கை வளையத்தோடு ஒட்டிக்கொண்டு நேராக எழுதிக்கொண்டே போகும். மற்றொரு கைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எதிர்த் திசையில் துண்டு துண்டாகத்தான் எழுத வேண்டும். பிறகு துண்டுகளை ஒட்ட வேண்டும். வளையமும் கைகளும் எப்படிப் பொருந்தி நிற்கின்றன என்று பார்ப்பதுதான் ஜமீலாவின் ஆராய்ச்சி.

பார்க்க வேண்டுமென்றால் முதலில் உறைய வைக்க வேண்டும். சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு செம்பு வலை இருக்கும். கிரிட் என்பார்கள். அதை இடுக்கியில் பிடித்து, புரதம் கலந்த தண்ணீரில் ஒரு சொட்டு அதன்மேல் விட்டு, தாளால் ஒற்றி எடுத்து, உடனே காலால் மிதியை அழுத்த வேண்டும். கிரிட் கடுங்குளிர்த் திரவத்துக்குள் பாய்ந்து இறங்கும். தண்ணீர் கண்ணாடிபோல் உறைந்துவிடும். உள்ளே இருக்கும் இயந்திரங்கள் நின்றது நின்றபடி நிற்கும். அப்புறம்தான் மைக்ராஸ்கோப்.

உறைய வைப்பது செண்பகவல்லியின் கை. தவறாத கை என்று அதற்குப் பெயர்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் மூன்று முறை இயந்திரம் உடைந்து வந்தது. வளையம் ஒரு மூலை, கைகள் ஒரு மூலை. காரணம் என்ன என்று சனிக்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் மைக்ராஸ்கோப் வேறு குழுவுக்குப் போய்விடும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

செண்பகவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வேலை வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற வேலை. உறைய வைத்தது யார் என்று ஒருவர் கேட்டால் போதும், எல்லா விரலும் அவள் பக்கம் நீளும். அவர்கள் கேட்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஜமீலாவின் மேசையில் ஒரு கடிதத்தை வைத்தாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க மேடம்."

ஜமீலா படித்தார். புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி உமையாள் வேண்டுமென்றே மாதிரிகளைக் கெடுக்கிறாள், அவளை அனுப்பிவிட வேண்டும் என்று எழுதியிருந்தது.

"அவ கெடுக்கிறதைப் பார்த்தீங்களா?"

"பார்க்கிற மாதிரியா கெடுப்பா?"

"பின்ன எப்படித் தெரியும்?"

செண்பகவல்லி கைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தாள். "ஒன்பது ஆதாரம் இருக்கு."

"சொல்லுங்க."

"அவ சேர்ந்தது நாலாம் தேதி. முதல் தடவை உடைஞ்சது பன்னிரண்டாம் தேதி."

"ம்."

"குளிர்பெட்டிச் சாவி ஆணியில எப்பவும் சுவரைப் பார்த்துத் தொங்கும். இப்ப வாசலைப் பார்த்துத் தொங்குது."

"ம்."

"நான் உள்ள வந்தா, 'அப்புறம் பேசறேன்'னு போனை வச்சிடறா."

"நான் வந்தாலும் வச்சிடறா."

"ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கை கழுவறா மேடம். மனசுல ஒண்ணும் இல்லாதவங்க எதுக்கு அத்தனை தடவை கழுவணும்?"

"லேப்ல கை கழுவணும்னு போர்டு மாட்டியிருக்கோமே."

"போர்டு எனக்கும்தான் இருக்கு. நான் நாலு தடவைதான் கழுவறேன்."

ஜமீலா சிரிக்கவில்லை. "அடுத்தது?"

"நான் உறைய வைக்கும்போதெல்லாம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கறா. உள்ளயும் வரமாட்டா, போகவும் மாட்டா. அந்த நேரத்துல நான் எப்ப திரும்பினாலும் அவ கண்ணு என் கை மேலதான் இருக்கு. கொள்ளிக் கண்ணு."

மீதி நான்கும் இதே தினுசு. ஜமீலா கடைசிவரை கேட்டார். பிறகு கடிதத்தை மேசைமேல் வைத்து, அதன் மேல் ஒரு குப்பியை வைத்தார்.

"கையெழுத்துப் போடறதைப் பத்தி வியாழக்கிழமை பேசலாம். அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. நான் உறைய வச்ச கிரிட்டோட படம் அறுநூறு வந்திருக்கு. இயந்திரம் எப்படி இருக்கும்னு இந்தாங்க, மாதிரிப் படம். பக்கத்துல வச்சுக்குங்க. இதே மாதிரி எங்கெல்லாம் தெரியுதோ அங்கெல்லாம் வட்டம் போட்டுக் குடுங்க. கம்ப்யூட்டர் அத்தனை வட்டத்தையும் மாதிரிப் படத்தோட பொருத்தித் திருப்பி, ஒண்ணா அடுக்கிக் காட்டும்."

கடிதத்தைத் தள்ளிப்போடத்தான் இந்த வேலை என்று செண்பகவல்லிக்குத் தோன்றியது. மேடத்தையும் அந்தப் பெண் கைக்குள் போட்டுக்கொண்டாளோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. படித்தவளுக்குப் படித்தவள்தானே. ஆனாலும் வேலை என்றால் அவளால் சும்மா இருக்க முடியாது. போய் உட்கார்ந்தாள்.

டிவியில் சேனல் வராதபோது தெரியுமே, சாம்பல் புள்ளியாக, அந்தப் படங்கள் அப்படித்தான் இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது. செண்பகவல்லிக்கு அந்தச் சாம்பலுக்குள் வளையம் தெரியும். இதோ ஒன்று, படுத்துக் கிடக்கிறது. இதோ ஒன்று, பக்கவாட்டில் நிற்கிறது, கை இரண்டும் தெரிகிறது. ஒவ்வொன்றாக வட்டம் போட்டாள். மாதிரிப் படத்தைப் பார்ப்பாள், சாம்பலைப் பார்ப்பாள், வட்டம் போடுவாள். முதல் நாள் கொஞ்சம் திணறினாள். இரண்டாம் நாள் எங்கே பார்த்தாலும் தெரிய ஆரம்பித்தது.

உமையாள் டீ கொண்டுவந்தாள்.

"அக்கா, காலையிலேர்ந்து எந்திரிக்கவே இல்ல நீங்க. கண்ணு வலிக்கலையா?"

"என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

"இதுல எப்படிக்கா உங்களுக்குத் தெரியுது? எனக்கு வெறும் புகையாட்டம் இருக்கு."

"உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அப்படி இருக்கு."

அக்கா விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து உமையாள் சிரித்துவிட்டுப் போனாள். அவள் சிரித்ததைப் பத்தாவது ஆதாரமாக நோட்டில் எழுதிவிட்டு, செண்பகவல்லி டீயைக் கழுவுதொட்டியில் கொட்டினாள்.

புதன் மாலைக்குள் ஒன்பதாயிரம் வட்டம் சேர்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் இரவெல்லாம் பொருத்தி அடுக்கியது. வியாழன் காலை திரையைப் பார்த்த செண்பகவல்லிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உடையாத இயந்திரம். ஆறு துண்டு வளையம் அப்படியே. பின்னால் இரண்டு கைகள். இத்தனை தெளிவாக ஒரு மாதமாக வந்ததே இல்லை.

ஜமீலாவைக் கூட்டிவந்து காட்டினாள்.

"பார்த்தீங்களா மேடம்? ஒரு துண்டாவது உடைஞ்சிருக்கா?"

"இல்ல."

"ஏன் உடையலை? சொல்லட்டுமா? இந்தக் கிரிட்டு எதையும் அவ தொடலை. அவ கை பட்டதெல்லாம் உடையுது, படாதது முழுசா வருது. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் உங்களுக்கு? போடுங்க கையெழுத்தை."

ஜமீலா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"செண்பகம்மா, அந்தக் கிரிட்டுல புரதமே இல்ல."

"என்னது?"

"வெறும் தண்ணி. காய்ச்சி வடிச்ச தண்ணியில ஒரு சொட்டு விட்டு உறைய வச்சேன். உள்ள பனியைத் தவிர ஒண்ணும் கிடையாது."

செண்பகவல்லி திரையைப் பார்த்தாள். இயந்திரம் அங்கேயே இருந்தது.

"பொய் சொல்றீங்க."

"டப்பாவைத் திறந்து காட்டறேன். தேதி போட்டு எழுதியிருக்கேன்."

"அப்ப இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"மாதிரிப் படத்துலேர்ந்து. அதைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, அதே மாதிரி இருக்கிற புள்ளியை மட்டும் நீங்க பொறுக்கினீங்க. கம்ப்யூட்டரும் ஒவ்வொண்ணையும் அதுக்கு ஒத்துப் போற பக்கமா திருப்பித் திருப்பி அடுக்குச்சு. ஒன்பதாயிரம் தடவை. வராம என்ன செய்யும்?"

செண்பகவல்லிக்கு முகம் சிவந்தது. "மூணு நாள் என்னை உட்கார வச்சு ஏமாத்திட்டீங்க. அதுல இயந்திரம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"இருக்குன்னும் சொல்லலை. நீங்க கேட்கலை."

"உங்களை எதுக்குக் கேட்கணும்? உங்களை நம்பினேன்."

"ஆமா. என்னை நம்பினீங்க."

செண்பகவல்லி விடவில்லை. அவள் விடுகிற ஆள் இல்லை.

"சரி மேடம். பனியில நான் பார்த்தது பொய். ஒத்துக்கறேன். ஆனா உமையாள் பனி இல்ல. நான் உறைய வச்ச இயந்திரம் மூணு தடவை உடைஞ்சது நிஜம். அதையும் நான்தான் கற்பனை பண்ணினேன்னு சொல்வீங்களா?"

"சொல்ல மாட்டேன். உடைஞ்சது நிஜம்."

"அப்ப யாரோ ஒருத்தர் உடைச்சிருக்கணும். அதைக் கண்டுபிடிக்கச் சந்தேகப்படத்தானே வேணும்? சந்தேகமே படக் கூடாதுன்னா, நான் குப்பி கழுவவே திரும்பிப் போயிடறேன்."

"படக் கூடாதுன்னு யாரு சொன்னா?" என்ற ஜமீலா வேறொரு படத்தைத் திறந்தார். "இது பனி இல்ல. பல ஊர்ல பல பேர் தனித்தனியாப் பார்த்து உறுதி பண்ணினது. எழுதற கை. கிட்ட வந்து பாருங்க. இது உள்ளங்கை. இது விரல். இது கட்டைவிரல். டி.என்.ஏ.வோட ஒவ்வொரு எழுத்தையும் உள்ளங்கையில வச்சுத்தான் கோக்கும். இங்க, ஓரத்துல, ஒரு பள்ளம் தெரியுதா?"

"தெரியுது. எதுக்கு அது?"

"வெட்டறதுக்கு. வச்ச எழுத்து சரியா உட்காரலைன்னா கை நின்னுடும். இழையோட நுனி நகர்ந்து இந்தப் பள்ளத்துக்கு வரும். தப்பு எழுத்தை இது வெட்டிப் போட்டுடும். அப்புறம்தான் மேல எழுதும்."

"அப்ப அதுக்கும் சந்தேகம் உண்டு."

"ஒவ்வொரு எழுத்துக்கும் உண்டு."

செண்பகவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் என்ன சொன்னேன்? சந்தேகம் இல்லாம ஒரு வேலையும் நடக்காது. அத்தனூண்டு புரதத்துக்கே தெரிஞ்சிருக்கு. முன்னால வளையம் ஓடுது, அந்தப் பக்கம் இன்னொரு கை எழுதிட்டிருக்கு. எவன் எப்ப என்ன கெடுப்பான்னு அது எத்தனை பேரைக் கண்காணிக்கணும்!"

"இந்தப் பள்ளத்துக்கு வளையம் எட்டாது. அந்த இன்னொரு கையும் எட்டாது."

"பின்ன யாரு வச்ச எழுத்தை வெட்டுது?"

"இதே கை இப்ப வச்ச எழுத்தை."

குப்பிக்கு அடியில் இருந்த கடிதத்தை ஜமீலாவும் எடுக்கவில்லை, செண்பகவல்லியும் எடுக்கவில்லை. எழுந்து போய்விட்டாள்.

மத்தியானம் சாப்பிடாமல் உறைய வைக்கும் அறைக்குள் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வழக்கம்போல் உமையாள் வந்து நின்றாள். செண்பகவல்லி கதவைத் திறந்தாள்.

"உள்ள வா."

உமையாள் பயந்தாள். "இல்லக்கா, சும்மாதான் நின்னேன்."

"எதுக்கு தினமும் இங்க வந்து நிக்கறே?"

"நீங்க உறைய வைக்கறதைப் பார்த்துக் கத்துக்கலாம்னுதான். உங்களைக் கேட்கப் பயமா இருந்துச்சு. நீங்க என்னைப் பார்க்கிற பார்வையே ஒரு மாதிரி இருக்கும்."

அது உண்மையா நடிப்பா என்று செண்பகவல்லியால் முடிவு செய்ய முடியவில்லை. "சரி. கதவுக்கு அந்தப் பக்கமே நில்லு. எப்பவும் நிக்கற இடத்துலயே நில்லு. உன் போன்ல என்னைப் படம் எடு. கையை மட்டும் எடுக்காதே. முழுசா எடு."

கிரிட்டை இடுக்கியில் பிடித்தாள். சொட்டு விட்டாள். தாளால் ஒற்றினாள். மிதியை அழுத்தினாள். எப்போதும்போலத்தான் செய்ததாக அவளுக்குத் தோன்றியது. அதை அடித்துச் சொல்லியிருப்பாள்.

பிறகு இருவரும் போனைப் பார்த்தார்கள்.

சின்னத் திரைக்குள் நரைத்த தலையோடு ஒரு பெண் சொட்டு விடுகிறாள். தாளை ஒற்றி எடுக்கிறாள். எடுத்ததும் மிதியை அழுத்த வேண்டியவள் அழுத்தவில்லை. தலை கதவுப் பக்கம் திரும்புகிறது. வெறித்துப் பார்க்கிறது. இடுக்கியில் கிரிட் காற்றில் தொங்குகிறது. மெல்லிய நீர்ப்படலம் காய்கிறது. அந்தப் பெண் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அப்புறம்தான் கால் அழுத்துகிறது.

"ஒன்பது விநாடிக்கா" என்றாள் உமையாள். "ஒரு விநாடிக்குள்ள இறக்கணும்னு மேடம் பாடத்துல சொன்னாங்க. தண்ணி காய்ஞ்சா உப்பு ஏறிடும், எல்லாம் கழண்டுடும்னு சொன்னாங்களே." பிறகு தயங்கிக் கேட்டாள். "ஒத்தினப்புறம் ஏன்க்கா என்னையே பார்த்துட்டிருக்கீங்க?"

செண்பகவல்லி அந்தப் படத்தை மறுபடி ஓட விட்டாள். மூன்றாம் முறையும் ஓட விட்டாள். திரும்பிய ஞாபகம் அவளுக்கு இருந்தது. ஒன்பது விநாடி என்ற ஞாபகம் இல்லை.

அன்று இன்னொரு கிரிட் செய்தாள். இந்த முறை உமையாளைப் பக்கத்திலேயே நிற்கவைத்து, கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் செய்தாள். வெள்ளிக்கிழமை மைக்ராஸ்கோப்பில் படங்கள் வந்தன. மாதிரிப் படத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியை ஜமீலாவிடம் கொடுத்தாள்.

"பாதிப் படம் உனக்கு, பாதி எனக்கு" என்றாள் உமையாளிடம். "நீ பார்க்கறதை நான் பார்க்க மாட்டேன். நான் பார்க்கறதை நீ பார்க்கக் கூடாது. எட்டிப் பார்த்தே, கொன்னுடுவேன்."

"எனக்குத்தான் புகையாட்டம் தெரியுமேக்கா."

"புகையா தெரிஞ்சா புகைன்னு எழுது. இல்லாததை எழுதாதே."

சனிக்கிழமை காலை இரண்டு திரைகளிலும் இரண்டு படங்கள் வந்தன. உமையாளின் படம் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. ஆனால் ஆறு துண்டு வளையம் இரண்டிலும் இருந்தது. கைகள் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தன.

செண்பகவல்லி ஜமீலாவின் அறைக்குப் போனாள். குப்பியை நகர்த்திப் பழைய கடிதத்தை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வேறொரு தாளை வைத்தாள். இயந்திரம் உடைந்ததற்குக் காரணம், தாள் ஒற்றிய பின் ஒன்பது விநாடி தாமதம், தாமதித்தவர் செண்பகவல்லி என்று அதில் எழுதியிருந்தது.

"இதை அனுப்பினா அடுத்த வருஷம் எனக்கு வேலை இருக்குமா மேடம்?"

"தெரியலை. காரணம் தெரிஞ்சுடுச்சு, சரி பண்ணியாச்சுன்னு நானும் சேர்த்து எழுதறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

ஜமீலா இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். செண்பகவல்லி தாளை வாங்கிக்கொண்டாள். ஆனால் போகாமல் வாசல்படியிலேயே நின்றாள். இன்னும் ஒன்று அவளை அரித்துக்கொண்டிருந்தது.

"மேடம், மறைக்காம சொல்லுங்க. என் கைதான் காரணம்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் அந்தப் பனியை என்கிட்ட குடுத்தீங்க. அந்த மூணு நாளும் என்னைத்தானே சந்தேகப்பட்டுட்டிருந்தீங்க?"

"இல்ல செண்பகம்மா. புரதத்துக்கு உப்புத் தண்ணி கலந்தது நான். அந்த மூணு நாளும் அதைத்தான் குப்பி குப்பியா எடுத்துச் சோதிச்சுட்டிருந்தேன்."